நல்ல எபிசோடால் வந்த வினை

மார்ச் 6, வியாழன்

லேபில் இன்று சரியான கூட்டம். காலையில் வெறும் வயிற்றோடு வந்தவர்களுக்கெல்லாம் ரத்தம் எடுத்து முடிப்பதற்குள் என் வயிறு காய்ந்துவிட்டது. நாள் முழுக்க என் எதிரே வந்து உட்காருகிறவர்கள் கையை நீட்டிவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்கிறார்கள். பயம் ஊசிமேல்தான், என்மேல் இல்லை. இருந்தாலும் இத்தனை பேர் முகத்தைத் திருப்பினால் மனுஷிக்கு ஒரு மாதிரி ஆகத்தான் செய்கிறது.

நாளை வெள்ளி. நாடகம் பார்க்க எல்லோரும் என் வீட்டுக்கு வருவார்கள், பிஸ்கட் வாங்க வேண்டும். மாடி வீட்டு வக்கீலுக்கு மட்டும் சர்க்கரை போடாதது. தனக்குச் சர்க்கரை வியாதியே இல்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்கிறார். ரத்தம் எடுத்தவளிடமேவா?

மார்ச் 7, வெள்ளி

'ஈரத் தடயம்' ஆறாவது சீசனை எழுதுகிறவர்கள் நம்மைப் பைத்தியம் என்றே முடிவு செய்துவிட்டார்கள். இன்று இன்ஸ்பெக்டரம்மாவுக்கு ஓர் இரட்டைச் சகோதரி முளைத்தாள். ஐந்து சீசனாக எங்கே இருந்தாள், யார் சோறு போட்டார்கள், ஒன்றும் கிடையாது. கதவைத் திறந்துகொண்டு வந்தாள், பின்னணி இசை காதைக் கிழித்தது, விளம்பரம் போட்டுவிட்டார்கள்.

இதே இன்ஸ்பெக்டரம்மா முதல் சீசனில் ஒரு கால்மிதியை வைத்துக் கொலைகாரனைப் பிடித்தவள். வெளியே கொட்டுகிற மழை. வீட்டில் எல்லோரும் இப்போதுதான் நனைந்துகொண்டு வந்தோம் என்கிறார்கள். அவள் குனிந்து கால்மிதியைத் தொட்டுப் பார்க்கிறாள், காய்ந்து கிடக்கிறது. அவ்வளவுதான் காட்சி, எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இப்போது அவள் வானத்திலிருந்து எடுத்த படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கி, கொலைகாரனின் சட்டைப் பொத்தான் நிறத்தைச் சொல்கிறாள். காரை விட்டு இறங்குவதற்குள் ரத்தப் பரிசோதனை முடிவு வந்துவிடுகிறது. சாதாரணக் கொழுப்பு அளவுக்கே நாங்கள் சாயங்காலம் வரச் சொல்கிறோம்.

எபிசோட் முடிந்ததும் வழக்கம்போல டிவியை அணைத்துவிட்டு விசாரணை. குற்றவாளிக் கூண்டில் அன்றைய எபிசோட். மாடி வீட்டு வக்கீல் தொண்டையைச் செருமிக்கொண்டு குற்றங்களை அடுக்குவார். எதிர் வீட்டுக் கணக்கு டீச்சர் சாட்சி சொல்வார். முறை வைத்து ஒருவர் எபிசோடுக்காக வாதாட வேண்டும். இந்த வாரம் அக்கா.

“இரட்டைன்னா முகம் ஒண்ணா இருக்கலாம், கைரேகை வேற வேற. இதுகூடத் தெரியாம எழுதுறாங்களே, இவங்க எல்லாம் எந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சாங்க?” இது டீச்சர்.

“ரெண்டு பேருக்கும் வேற வேற தோடு போட்டுவிட்டிருந்தாங்க. யாரு யாருன்னு நமக்குக் குழப்பமே இல்ல. அதைப் பாராட்டணுமா இல்லையா?” இது அக்கா.

“அதுதாங்க குற்றமே. வீட்ல உக்காந்திருக்கிற நமக்குத் தெரியுது, அந்த ஸ்டேஷன்ல ஒருத்தனுக்கும் தெரியல” என்றார் வக்கீல். தீர்ப்பு, குற்றவாளிதான். தண்டனையும் எப்போதும் ஒன்றுதான்: வருகிற வெள்ளிக்கிழமை மறுபடி ஆஜராக வேண்டும். அக்கா சிரித்துச் சிரித்துப் புரையேறி, நான் முதுகைத் தட்டிவிட வேண்டியிருந்தது.

மார்ச் 8, சனி

நேற்று அக்காவின் முதுகைத் தட்டியதைப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

நான் என் கணவரை விட்டு வந்தபோது அக்கா அவர் பக்கம் பேசினாள். “கொஞ்சம் அனுசரிச்சுப் போயிருக்கலாம்” என்றாள், அதுவும் நான் பெட்டியோடு அவள் வீட்டு வாசலில் நிற்கும்போது. அதற்குப் பிறகு நாலு வருஷம் பேச்சுவார்த்தை கிடையாது. நாலாவது சீசன் ஓடிக்கொண்டிருந்தபோது ஒருநாள் காலையில் போன். “நேத்து பாத்தியாடி? கொலைகாரன் அந்த டாக்டராம். அசிங்கமா இல்ல இவங்களுக்கு?” நலமா என்று அவள் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அரைமணி நேரம் அந்த டாக்டரைத் திட்டினோம். அடுத்த வெள்ளி இரண்டு பஸ் மாறி வந்து நின்றாள். அன்றிலிருந்து வருகிறாள்.

எங்களுக்குத் திட்டுவதற்கு மூன்றாவது ஆள் ஒருத்தன் கிடைத்துவிட்டான், அதனால் ஒருவரை ஒருவர் விட்டுவிட்டோம். அந்த நாடகம் இல்லையென்றால் அவள் இங்கே வர வேறு காரணம் கிடையாது. இது எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரிந்துதான் இருக்கும்.

மார்ச் 14, வெள்ளி

இன்று வாதாடும் முறை எனக்கு. இன்ஸ்பெக்டரம்மாவுக்கு மண்டையில் அடிபட்டு எல்லாம் மறந்துவிட்டது. துப்பாக்கி சுட மட்டும் மறக்கவில்லை. இதற்கு நான் சப்பைக்கட்டு கட்டினேன் பாருங்கள், எனக்கே கூசியது. மூளையில் அதற்கு வேறு அறை இருக்கிறது என்றேன். லேபில் வேலை பார்க்கிறவள் சொன்னால் சரியாக இருக்கும் என்று வக்கீலே ஒரு நிமிஷம் யோசித்துவிட்டார்.

டீச்சர்தான் பயமுறுத்தினார். “இதைப் பாக்குற நேரத்துல நான் ஒரு கட்டு பேப்பர் திருத்தியிருப்பேன். அடுத்த சீசன் எல்லாம் என்னால ஆகாது.” எனக்குப் பகீரென்றது. டீச்சர் போனால் வக்கீல் போவார். இரண்டு பேரும் போனால் அக்காவும் நானும் மட்டும் உட்கார்ந்து என்ன செய்வோம்?

மார்ச் 18, செவ்வாய்

போனில் இருக்கும் ரசிகர் குழுவில் இன்று அடிதடி. நாடகம் எப்போது கெட்டது என்பதுதான் வழக்கு. மூன்றாவது சீசனில் என்கிறது ஒரு கோஷ்டி. இல்லை, இரண்டாவதின் நாலாவது எபிசோடிலேயே என்கிறது இன்னொன்று. ஒரு மேதாவி, முதல் சீசனே சுமார்தான், அதற்கு முன்னால் போட்ட முன்னோட்டம் மட்டும்தான் நன்றாக இருந்தது என்கிறார். இந்த மூன்று கோஷ்டியும் ஒரு வாரம்கூட விடாமல் பார்க்கிறது என்பதுதான் வேடிக்கை.

மீதி எபிசோடுகளை யாரோ புது ஆள் இயக்கப் போகிறானாம். வரட்டும், அவனையும் ஒரு கை பார்ப்போம்.

மார்ச் 21, வெள்ளி

நல்லா இருந்துச்சு. இன்னிக்கு எபிசோட் நல்லா இருந்துச்சு. அதுதான் வினை.

கொலையானவன் வீட்டுக்கு இன்ஸ்பெக்டரம்மா போகிறாள். அவன் அம்மா சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறாள், செத்துப்போன சின்ன மகனின் சட்டைகள். ஒன்று, இரண்டு, மூன்று என்று மடித்து வைக்கிறாள். நாலாவது சட்டை மட்டும் பெரிது. ஊருக்கே வரவில்லை என்று சொன்ன பெரிய மகனின் சட்டை. இன்ஸ்பெக்டரம்மா பார்க்கிறாள். அவள் பார்த்ததை அம்மா பார்க்கிறாள். “கொஞ்சம் தண்ணி குடுக்கிறீங்களா” என்கிறாள் இன்ஸ்பெக்டரம்மா. அம்மா உள்ளே போகும் முன் இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டுப் போகிறாள். முடிந்தது. இரட்டையும் இல்லை, வானத்துப் படமும் இல்லை, பின்னணி இசைகூட இல்லை.

டிவியை அணைத்தேன். வக்கீல் தொண்டையைச் செருமினார், மறுபடி செருமினார். பிறகு, “குற்றம் எதுவும் நிரூபிக்கப்படலைங்க. விடுதலை” என்றார். டீச்சர் எழுந்து செருப்பைத் தேடினார். விடுதலை செய்துவிட்டால் அடுத்த விசாரணைக்குத் தேதி கிடையாது, அதை யாரும் யோசிக்கவில்லை. ஐந்து நிமிஷத்தில் வீடு காலி. டீ அப்படியே இருந்தது.

அக்காவின் பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. வேறு நாளாக இருந்தால் அதுவரை திட்டிக்கொண்டிருப்போம். இன்று திட்ட ஒன்றுமில்லை. அவள் டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “அவருக்கு மஞ்சள் காமாலையாம். ரொம்ப இளைச்சுட்டாராம். ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வந்தா என்ன?”

“நீ இன்னும் அந்தப் பக்கம்தானா?”

“பக்கம் என்னடி பக்கம். மனுஷனுக்கு உடம்பு சரியில்லன்னு சொன்னேன்.”

“எனக்கு உடம்பு சரியில்லாதப்போ நீ வந்தியா? வாசல்ல நின்னேனே, உள்ள வான்னு ஒரு வார்த்தை சொன்னியா?”

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். உன் வீட்டு வேலையைப் பார் என்று முதுகுக்குப் பின்னால் சொன்னேன். கேட்டிருக்கும்.

மார்ச் 22, சனி

இவங்கள யாரு நல்லா எடுக்கச் சொன்னா?

மார்ச் 28, வெள்ளி

அக்கா வரவில்லை. வரமாட்டேன் என்று போன்கூட இல்லை.

டீச்சர் கதவருகிலேயே நின்று, “இனிமே எங்க வீட்லயே பாத்துக்கிறேன். இப்பல்லாம் நல்லா எடுக்கிறாங்களா, பக்கத்துல யாராச்சும் பேசினா எரிச்சலா வருது. தப்பா எடுத்துக்காதீங்க” என்றார். நான் ஏன் தப்பாக எடுத்துக்கொள்ளப் போகிறேன்? இரண்டு வருஷம் என் சோபாவைத் தேய்த்தவர், தரம் உயர்ந்ததும் கிளம்பிவிட்டார்.

வக்கீலையும் காணோம். தனியாகப் பார்த்தேன். பிரமாதம். ஒவ்வொரு காட்சியிலும் ஏதாவது ஓட்டை இருக்காதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை. இந்தப் புது இயக்குநர் நாசமாய்ப் போக.

ஏப்ரல் 4, வெள்ளி

வக்கீல் மட்டும் வந்தார். பார்த்தார். “நல்லாத்தான் இருக்குல்ல” என்றார், யாரோ போய்ச் சேர்ந்த செய்தியைச் சொல்லும் குரலில். வழக்கு இல்லாத வக்கீலைப் பார்க்கப் பாவமாக இருந்தது. சர்க்கரை போட்ட பிஸ்கட்டை எடுத்தார். நானும் தடுக்கவில்லை.

ரசிகர் குழுவும் செத்துக் கிடக்கிறது. எல்லோரும் கைதட்டும் படத்தை அனுப்பிவிட்டுத் தூங்கப் போய்விடுகிறார்கள். முன்னோட்ட மேதாவி மட்டும், கொஞ்சம் மெதுவாகப் போகிறதோ என்று ஆரம்பித்துப் பார்த்தார். ஒருத்தரும் சேர்ந்துகொள்ளவில்லை. நான் சேர்ந்துகொண்டேன். ஆமாம், ரொம்ப மெதுவு என்று போட்டேன். பொய்தான்.

ஏப்ரல் 9, புதன்

இன்று லேபில் ஒரு பெண் ரத்தம் கொடுக்க வந்தாள். ஊசி என்றால் உயிரே போய்விடுமாம். கூட வந்த அக்காவோ தங்கையோ, இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டு, அவள் கட்டியிருந்த புடவையின் நிறம் எவ்வளவு கேவலம் என்று திட்டிக்கொண்டே இருந்தாள். இவளும் பதிலுக்குப் பதில் சண்டை போட்டாள். நான் ஊசியைப் போட்டதும் எடுத்ததும் அவளுக்குத் தெரியவே இல்லை.

அவரைப் பார்க்க நான் போகப் போவதில்லை. அதில் மாற்றமே கிடையாது. அவரைப் பார்த்துக்கொள்ள அவர் அம்மா இருக்கிறார். அன்று அக்கா என்னை வாசலில் நிற்க வைத்ததையும் நான் மறக்கவில்லை, மறக்கவும் மாட்டேன். ஆனால் அக்கா வேண்டும். எனக்கு அவள் வேண்டும், அவ்வளவுதான். இதற்கு மேல் இதில் யோசிக்க என்ன இருக்கிறது? எழுத எழுத அழுகை வருகிறது. போதும்.

ஏப்ரல் 11, வெள்ளி

அரை நாள் லீவு போட்டுவிட்டு இரண்டு பஸ் மாறி அக்கா வீட்டுக்குப் போனேன். இரண்டாவது பஸ்ஸில் உட்கார இடமே கிடைக்கவில்லை. இவள் இத்தனை நாள் இப்படித்தான் நின்றுகொண்டு வந்தாளா என்று அப்போதுதான் நினைத்தேன்.

கதவைத் திறந்தவள் என் கைப்பையை வாங்கிக்கொண்டாள். பிறகு, “உள்ள வா. ஆரம்பிக்கப் போறான்” என்றாள். அத்தான் என்னைப் பார்த்ததும் செய்தித்தாளை எடுத்துக்கொண்டு உள்ளறைக்கு நழுவிவிட்டார். புத்திசாலி. அக்கா வீட்டு டிவி சின்னது. கொடியிலிருந்து எடுத்த துணிகளை ஒரு பக்கம் தள்ளி எனக்கு இடம் பண்ணினாள்.

இதுவரை வந்ததிலேயே இதுதான் உச்சம். கொலையானவனின் அம்மா, மிச்சமிருக்கிற ஒரே மகனுக்கு எதிராகச் சாட்சி சொல்லக் கிளம்புகிறாள். வீட்டைப் பூட்டுகிறாள். பூட்டை இழுத்துப் பார்க்கிறாள். ரோட்டு ஓரத்தில் நின்று வலப்பக்கம் பார்க்கிறாள், இடப்பக்கம் பார்க்கிறாள், மறுபடி வலப்பக்கம் பார்க்கிறாள். ஒரு வண்டிகூட இல்லை. ஆனாலும் கடக்காமல் நிற்கிறாள். அவள் கால் எடுத்து வைக்கும்வரை காமிரா நகரவே இல்லை. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பக்கத்தில் அக்கா மடித்துக்கொண்டிருந்த துண்டாலேயே மூக்கைத் துடைத்தாள்.

முடிந்தது. அக்கா டிவியை அணைத்தாள். அவள் என் பக்கம் திரும்பினாள், வாயைத் திறந்தாள். என்ன சொல்ல வருகிறாள் என்று தெரியவில்லை, அன்றைக்கு டம்ளரைத் திருப்பிக்கொண்டிருந்தபோது இருந்த அதே முகம். எனக்குப் பயம் வந்துவிட்டது.

“சகிக்கல” என்றேன்.

அக்கா என்னையே பார்த்தாள். கண் இரண்டும் சிவந்திருந்தது, துண்டு இன்னும் கையில் இருந்தது.

“ஆமா” என்றாள் மெதுவாக. “படு மோசம்.”

“எழுதத் தெரியாதவன் கையில குடுத்துட்டாங்க.”

“அந்த அம்மா ரோட்டைக் கடக்குறாளே,” என்றாள் அக்கா, மூக்கை உறிஞ்சிக்கொண்டே, “ரெண்டு பக்கமும் ஒரு தடவையாவது பாத்தாளா? வயசானவங்க அப்படியா கடப்பாங்க?”

“பாக்கவே இல்ல” என்றேன்.

அதற்குப் பிறகு நிறுத்தவில்லை. பூட்டு சரியில்லை, துணி சரியில்லை, அழத் தெரியவில்லை என்று மாற்றி மாற்றிக் கிழித்தோம். அத்தான் உள்ளறையிலிருந்து எட்டிப் பார்த்து, “அவ்வளவு மோசமாவா இருந்துச்சு?” என்றார். “உங்களுக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இருங்க” என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

பஸ் ஏற்றிவிட நிறுத்தம் வரை வந்தாள். பஸ் வரும்வரை வேறெதையும் கேட்கவில்லை. நான் படியில் கால் வைத்த பிறகு சொன்னாள்:

“அடுத்த வாரம் நானே வர்றேன். உன் டிவி பெருசு. தப்பெல்லாம் அதுலதான் நல்லாத் தெரியும்.”