நடுவில் ஓர் இடம்

அம்மாடி,

நலம்தானே? இங்கே உன் அம்மா வீட்டில் நலம், நான் கடையில் நலம். இரண்டு வாரமாக ஸ்டிக்கர் வெட்டும் மிஷினுக்குப் பக்கத்தில்தான் படுக்கை. வேலை தலைக்கு மேல் கிடக்கிறது என்று உன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். அவள் நம்பவில்லை; வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே சாப்பாடு அனுப்புகிறாள்.

காரணம், நீ ஹாஸ்டலிலிருந்து அனுப்பிய வாழ்த்து அட்டை. நானும் உன் அம்மாவும் கல்யாணம் செய்துகொண்டு ஒரு வருடம் ஆனதற்கு அனுப்பினாயே, அதேதான். அவளுக்கு நாலு வரி, தமிழில். எனக்கு ஒரே வரி, இங்கிலீஷில்: நான் உங்கள் குடும்பத்தில் 'அபார்ட்' என்று. எனக்கு எழுத்தை வெட்டத் தெரியுமே தவிர, அர்த்தம் தெரியாது. அகராதியைப் புரட்டினேன். பிரிந்து, தனியாக, விலகி என்று போட்டிருந்தது. சுருக்கென்றது. பொய் சொல்வானேன், கோபமும் வந்தது. ஆனாலும் லீவுக்கு வரும்போது உன் வீட்டில் நீ நிம்மதியாக இருக்கட்டும் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நேற்று ஒரு டீச்சர் வந்து சண்டை பிடித்தார். அவருடைய டியூஷன் போர்டில், தினமும் வகுப்பு உண்டு என்பதற்கு 'எவ்ரிடே' என்று சேர்த்து வெட்டிவிட்டேனாம். "நடுவுல இடம் விடுங்க. சேர்த்துப் போட்டா சாதா கிளாஸ்னு ஆயிடும்," என்றார். அசடு வழிந்துகொண்டே உன் அட்டையையும் எடுத்துக் காட்டினேன். படித்துவிட்டுச் சிரித்தார். 'எ பார்ட்' என்று பிரித்து எழுதினால் குடும்பத்தில் ஒருத்தர் என்று அர்த்தமாம். சேர்த்து எழுதினால்தான் பிரிவாம். என்ன பாஷையோ, போ! இதை நிறையப் பிள்ளைகள் தப்பாகத்தான் எழுதுகிறார்கள் என்றும் சொன்னார்.

அந்தப் பிள்ளைகளில் நீயும் ஒருத்தி என்று நினைத்துக்கொள்ள எனக்கு ஆசைதான். ஆனால் நானாக ஒன்றை நினைத்துக்கொண்டு எதிரே வந்து நின்றால் உனக்குச் சங்கடமாகிவிடும். வெள்ளிக்கிழமை நீ வரும்போது பஸ் ஸ்டாண்டுக்கு நானும் வரட்டுமா, உன் அம்மா மட்டும் வரட்டுமா? தமிழிலேயே ஒரு வரி எழுதிப் போடு. வேண்டாம் என்றால் வருத்தப்பட மாட்டேன் என்று சொல்ல வரவில்லை. வருத்தப்படுவேன். ஆனால் உன்னிடம் முகம் கோண மாட்டேன்.

நன்றாகப் படி, நேரத்துக்குச் சாப்பிடு, நீ எங்கே இருந்தாலும் நல்லா இருக்கணும். ஒன்றே ஒன்று மட்டும் சொல்லிவிடு. எனக்கு ஓர் இடம் விட நினைத்து, அவசரத்தில் மறந்துவிட்டாய், அப்படித்தானே அம்மாடி?

இப்படிக்கு,
உன் அம்மாவின் வீட்டுக்காரர்