வெள்ளிக்கிழமைப் பேச்சு

மேலப்பாளையம்,
ஞாயிறு காலை.

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் உங்கள் உடம்புக்கு ஒரு குறையும் வைக்காமல் இருக்கட்டும். நானும் மகள் முஃபீதாவும் இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை.

தூதரகத்து ஆள் ஒருவர் இந்தக் கடிதத்தைச் சிறைக்குக் கொண்டுவருவாராம். படித்துப் பார்த்துத்தான் உங்களிடம் தருவார்களாம். தாராளமாகப் படிக்கட்டும். தமிழ் தெரிந்தவர் அங்கே ஒருவர் இருந்தால் உங்களுக்குப் பேச்சுத் துணையாவது ஆகும்.

பதினோரு மாதத்தில் உங்களைப் பற்றி எனக்கு வந்தது, 'இந்தச் சிறையில் இருக்கிறார்' என்ற ஒரே வரிதான். வேலையிடத்தில் விழுந்து இறந்த நேபாளத்துக்காரரின் மய்யித்தை ஊருக்கு அனுப்பச் சொல்லி, அரபி எழுதத் தெரிந்த பாவத்துக்கு நீங்கள் மனு எழுதிக் கொடுத்தீர்களாம். மறுநாளே பிடித்துப் போய்விட்டார்கள் என்று உங்கள் அறைக்காரர் சொன்னார். என்ன குற்றம் என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை. அந்த மனுவை எழுதுமுன் எங்களை ஒரு நிமிடம் நினைத்திருக்கக் கூடாதா? கேட்டுவிட்டேன். நீங்கள் எழுதாமல் இருந்திருந்தால் எனக்கு அதுவும் பிடித்திருக்காது.

பாளையங்கோட்டையில் ஹெப்சிபா என்று ஒரு வக்கீல் பெண் இருக்கிறாள். வெளிநாட்டுச் சிறைகளில் கிடக்கிறவர்களுக்காக ஐ.நா.வுக்கு மனு அனுப்புகிறவள். எந்த நாடா இருந்தாலும் ஒரு ஆளைப் பிடிச்சா ஏன்னு சொல்லணும், வக்கீலப் பாக்க விடணும், அது உலகச் சட்டம்க்கா என்றாள். ஜெனீவாவில் இதற்கென்றே ஒரு குழு இருக்கிறதாம். இன்ன தேதிக்குப் பிறகு உங்களிடமிருந்து குடும்பத்துக்குத் தகவலே இல்லை என்று ஜமாத்தில் ஒரு கடிதம் வாங்கினால் மனு பலமாக இருக்கும் என்றாள். அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

நீங்கள் பிடிபட்டபோது முஃபீதாவுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தோம் அல்லவா? வாப்பா ஜெயிலில் என்றால் எவன் வாசல் மிதிப்பான்? அதனால் வாராவாரம் ஜும்மா முடிந்த நேரம் போனைக் காதில் வைத்துக்கொண்டு, பக்கத்து வீடுகளுக்குக் கேட்கிற மாதிரி மாடியில் நின்று உங்களோடு பேசினேன். பெருநாளைக்கு நீங்கள் அனுப்பியது என்று பேரீச்சம்பழம் வாங்கிப் பங்கு வைத்தேன். எதிர்வீட்டு மும்தாஜ் பேகம், இந்தப் பழம் நம்ம மார்க்கெட்டுலயும் கெடைக்கே என்றாள். அவள் கண்ணுக்கு எதுதான் தப்பும்! கடைசியில், நீங்கள் போனில் சம்மதம் சொல்லிவிட்டதாக நிச்சயத்தையும் முடித்தேன்.

பொய்யாகத்தான் தொடங்கினேன் மச்சான். பிறகு வெள்ளிக்கிழமை எப்போது வரும் என்று இருந்தது. கொழுக்கட்டை அவிந்ததிலிருந்து முட்டுவலிவரை எல்லாம் சொல்லுவேன். நீங்கள் பதில் சொல்லுகிற அளவுக்கு இடைவெளியும் விடுவேன்.

ஜமாத் செயலாளர் மனுவை வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார். ஏம்மா, போன வெள்ளிக்கெழமகூட அவரு பேசுனாருன்னு எங்க வீட்டுல சொல்லியிருக்க, நான் எத நம்பி எழுதிக் குடுக்க என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. கூட வந்திருந்த ஹெப்சிபாவிடமும் நான் இதைச் சொல்லியிருக்கவில்லை. அவள் என்னை வெளியே கூட்டிப் போய், அக்கா, ஒரு பொய் இருந்தாப் போதும், அதையே புடிச்சுக்கிட்டு மத்ததெல்லாம் பொய்யின்னுருவாங்க என்றாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் போல இருந்தது.

திரும்ப உள்ளே போனேன். அங்கே இருந்த ஜமாத்தார் அத்தனை பேருக்கு முன்னால் எல்லாவற்றையும் சொன்னேன். போன் வரவே இல்லை, சம்மதமும் நீங்கள் சொன்னதில்லை என்று சொன்னேன். செயலாளர் தன் கையாலேயே கடிதம் எழுதி முத்திரை வைத்துத் தந்தார்.

இரண்டாம் நாள் மாப்பிள்ளை வீட்டார் நிச்சயச் சேலையைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். முஃபீதா அன்று முழுவதும் என் முகத்தைப் பார்க்கவில்லை. சாயங்காலம் வந்து, இத ஊருக்குச் சொல்ல ஒனக்குப் பதினோரு மாசமாச்சா உம்மா என்று கேட்டாள். பிறகு அவளே உட்கார்ந்து, நீங்கள் கடைசியாகப் பேசிய தேதியிலிருந்து எல்லாவற்றையும் வரிசையாக எழுதி ஹெப்சிபாவிடம் கொடுத்தாள்.

மனு திங்கட்கிழமை போய்விட்டது. அறுபது நாளுக்குள் பதில் சொல்லச் சொல்லி அந்த நாட்டைக் கேட்பார்களாம். அதனால் கதவு திறக்கும் என்று சத்தியம் பண்ண முடியாது என்பதையும் ஹெப்சிபா ஒளிக்காமல் சொல்லிவிட்டாள்.

தெருவில் யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. பேசுவதும் இல்லை. நேற்று முன்தினம் ஜும்மா முடிந்து எல்லோரும் வீடு திரும்பினார்கள். மாடிக்குப் போக எனக்கு ஒரு காரணமும் இல்லை. அடுப்படியிலேயே நின்றுகொண்டிருந்தேன்.

உங்களைக் கேட்காமல் மகளுக்கு நிச்சயம் செய்தேன். அதை நானே உடைத்தும் விட்டேன். உங்களுக்குக் கோபம் வரும். வரவேண்டும். திட்ட வேண்டியதையெல்லாம் ஒரு தாளில் எழுதி இந்தத் தூதரகத்து ஆளிடமே கொடுங்கள். எவ்வளவு கடுமையாக இருந்தாலும் சரி, உங்கள் கையால் எழுதியதாக இருந்தால் போதும்.

அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஹயாத்தைத் தரட்டும்.

உங்கள் ஏச்சுக்குக் காத்திருக்கும்,
ஷஃபீகா