டோங்ரி வீட்டு வாசலில் நின்றவள்

திலக் நகர், செம்பூர்,
பம்பாய்.
20-11-1966

அன்பு மகன் தங்கபாண்டிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் தங்கை கனகவள்ளியும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே பனி விழ ஆரம்பித்திருக்கும், போன வருஷம் மாதிரி நெஞ்சில் சளி கட்டாமல் நீயும் சுகமாக இருக்கவேண்டும் என்று சாஸ்தாவைக் கும்பிட்டுக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். கனகவள்ளிக்கு ஆபீசில் வேலை நிரந்தரமாகிவிட்டது. ரேஷன் அரிசியில் பாதி கல்தான், அவள் காலையில் முறத்தோடு உட்கார்ந்தால் ரயிலுக்கு நேரமாகிவிடுகிறது. புது வீட்டில் தண்ணீர் ஒழுங்காக வருகிறது, தாராவி மாதிரி குழாயடிச் சண்டை கிடையாது.

இப்போது எழுதப்போவதை உனக்கு எழுதலாமா வேண்டாமா என்று பல நாள் யோசித்தேன். நீ லீவில் வந்திருந்தபோது, பிறந்து வளர்ந்த பம்பாயையே புதுசாகப் பார்க்க வந்தவன் மாதிரி நம்ம முகம்மது ஹனீபின் டாக்சியில் ஏறிக்கொண்டு கிர்காவ், பூலேஷ்வர், டோங்ரி என்று பழைய வீட்டு வாசல்களாகத் தேடிப் போட்டோ எடுத்தாயே, அதில் கடைசி ரோல் கேமராவோடு கனகவள்ளியிடமே நின்றுவிட்டது. மாட்டுங்கா ஸ்டுடியோவில் கொடுத்துக் கழுவி வாங்கி வந்தாள். மனுஷரை எடுக்காமல் கதவை எடுத்துக்கொண்டு திரிகிறானே என்று அப்போது உன்னைக் கேலி பண்ணினேன். இப்போது பார்த்தால் ஒவ்வொன்றும் அழகு, பித்தளைக் குமிழும், நிலையில் செதுக்கின கொடியும், மேல்வளைவில் உடைந்துபோன கண்ணாடியும், பார்த்துக்கொண்டே இருக்கலாம் போல இருந்தது. அதில் ஒரு கதவு ஒருபக்கம் மட்டும் திறந்திருக்கிறது. உள்ளே இருட்டு. அந்த இருட்டில் ஒரு பெண் நிற்கிறாள். முகம் தெரியவில்லை, ஆனால் நிலையில் ஒரு கையை ஊன்றி, தோளைச் சாய்த்து, நீ காலேஜுக்குப் போகும்போது தெருமுனை திரும்புகிறவரை உன் அம்மா நின்று பார்ப்பாளே, அச்சு அசல் அந்த நிற்பு. கனகவள்ளியிடம் காட்டினேன். நெழல்தாம்ப்பா, வெளிச்சம் அப்படி விழுந்திருக்கு என்றாள். சொல்லிவிட்டு அந்தப் படத்தை மட்டும் குப்புறக் கவிழ்த்து வைத்தாள்.

அதிலிருந்து எனக்கு ஒரே நினைப்பு. உன் அம்மா ஆறுமுகத்தாய் உயிர் போனது தாராவி வீட்டில். அவளுக்குத் திலக் நகர் தெரியாது. நாம் பாட்டுக்குச் சாமானைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டோம். தேடி வந்து, அங்கே வேறு யாரோ குடியிருப்பதைப் பார்த்துவிட்டு, எந்தக் கதவு திறந்திருக்கிறதோ அதற்குள் போய் நின்றுகொண்டாளோ என்று தோன்றியது. பைத்தியக்காரத்தனம் என்று எனக்கே தெரிகிறது, ஆனாலும் வீட்டுக் கதவைத் தாழ்போடும்போதெல்லாம் கை கூசியது. கடைசியில் ஹனீபிடம் படத்தைக் காட்டினேன். இது டோங்ரியில உள்ள வீடுல்லா அண்ணாச்சி, தம்பி அங்கன வெகுநேரம் நின்னுக்கிட்டிருந்தாவ என்று சொல்லி, போன ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூட்டிப்போனான்.

படத்தில் கறுப்பாக இருந்த கதவு நேரில் வெளுத்த பச்சை. ஹனீப் குரல் கொடுத்ததும் என் வயசு இருக்கும் ஒரு அம்மாள் மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கி வந்தாள். நஜ்முன்னிசா என்று பேர். படத்தை நீட்டினேன். அதை அவள் பார்க்கவே இல்லை, எனக்குப் பின்னால் நின்ற டாக்சியைப் பார்த்தாள். அவன் எங்கே, வண்டிக்குள்ள இருக்கானா என்று இந்தியில் கேட்டாள். எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்புறம் அவளே சொன்னாள். நாடு பிரிந்த வருஷம் மகன் ஜமால் கராச்சிக்குப் போய்விட்டானாம். கடுதாசி வந்துகொண்டிருந்ததாம், போன வருஷச் சண்டைக்குப் பிறகு ஒன்றும் இல்லை. அப்படி இருக்கையில் ஒருநாள் சாயங்காலம் மாடி ஜன்னலில் உட்கார்ந்திருந்தபோது, கீழே ஒரு பையன் கதவை மேலும் கீழுமாகப் பார்த்தபடி நின்றானாம். எதையோ வைத்து முகத்தை மறைத்துக்கொண்டானாம். போனப்ப என்ன வயசோ அதே வயசு, கூப்பிட்டேன், திரும்பல, முட்டுவலியோட நான் இறங்கி வாரதுக்குள்ள போயிட்டான், தெருவுல இந்த மாதிரி வண்டி ஒண்ணுதான் நின்னுச்சு என்றாள். அவன் அங்கே செத்துப்போய், வீட்டை ஒருமுறை பார்க்க ரூஹாக, ஆவியாக, வந்திருக்கிறான் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டார்கள். அன்று முதல் அவள் அந்தக் கதவை ராத்திரியிலும் சாத்துவதில்லை. வாசல்வரைக்கும் வந்த புள்ளைக்கு ஒருவாய் தண்ணி குடுக்கலையே என்று அழுதாள்.

தங்கபாண்டி, அது நீதான். ஹனீப் என் முகத்தைப் பார்த்தான். பேசாமல் திரும்பிவிடலாமா என்று எனக்கு ஒரு நிமிஷம் தோன்றியது. மகன் வந்து பார்த்துவிட்டுப் போனான் என்ற ஒன்றைத்தான் அவள் வைத்திருக்கிறாள், அதையும் நான் பிடுங்குவதா? ஆனாலும் சொல்லிவிட்டேன். அது என் மகன் அம்மா, கதவு அழகாக இருக்கிறது என்று போட்டோ எடுத்தான், உங்கள் ஜமால் இல்லை என்றேன். படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். எங்கே மயக்கம் போட்டுவிடுவாளோ என்று பயந்துபோனேன். நிமிர்ந்து என்னைப் பார்த்து, அப்ப என் புள்ள ரூஹா வரல, அப்ப அவன் சாகல என்றாள். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தாள்.

அதற்குப் பிறகுதான் படத்தைக் கையில் வாங்கினாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இது யாரு என்று கேட்டாள். நீங்கள் இல்லையா என்றேன். நான் மாடியிலதானே இருந்தேன், இந்த வீட்ல வேற ஆளே கிடையாதே என்றாள். மூன்று பேரும் திரும்பி அந்தக் கதவுக்குப் பின்னால் பார்த்தோம். ஒரு மண்பானை, அதன்மேல் கவிழ்த்த தம்ளர், வேறொன்றும் இல்லை. உன் அம்மாவைப் பற்றி அவளிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. வந்தவங்க நிக்கட்டும் பாய்சாப், நான் கதவைச் சாத்தமாட்டேன் என்றாள். படத்தை அவளிடமே விட்டுவிட்டு வந்தேன்.

அடுத்த லீவில் வரும்போது முதலில் அந்த வீட்டுக்குப் போ. கேமரா இங்கே வீட்டிலேயே இருக்கட்டும். கதவைத் தட்டி, உள்ளே போய், உன் முகத்தை அந்த அம்மாளுக்குக் காட்டி, அவள் கொடுக்கிற தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டு வா. வேளாவேளைக்குச் சாப்பிடு, கம்பளி போடாமல் வெளியே போகாதே. எங்கே இருந்தாலும் சாஸ்தா உனக்குக் காவல், என் ஆசீர்வாதமும் உன் தங்கையின் அன்பும் உன்கூடவே இருக்கும். மறக்காமல் ஒன்று கேட்கவேண்டும். நீ அந்தப் படத்தை எடுக்கும்போது உள்ளே யாராவது நின்றார்களா? பார்த்திருந்தால் உடனே எழுது. பார்க்கவில்லை என்றால், அதைப்பற்றி மட்டும் எனக்கு ஒன்றும் எழுதவேண்டாம்.

இப்படிக்கு
உன் அப்பா,
சு. பிரம்மநாயகம்