இன்றைக்கு யார் முறை

தம்பிக்கு,

நீ என் போனை எடுப்பதில்லை. அதனால் இதை உன் மனைவியிடம் கொடுத்தனுப்புகிறேன்.

நீ தனியாக போர் போட அனுமதி கேட்டிருந்தாயே, நிலத்தடி நீர் அதிகாரி இன்று நம் பாகூர் வயலுக்கு வந்தார். "கடல் உப்பு உள்ள ஏறிக்கினு வருதும்மா. பக்கத்துலயே இன்னொண்ணு போட முடியாது. அக்காவும் தம்பியும் இருக்கறதுலயே முறை வெச்சி எறச்சிக்கங்க" என்றார். நான் தடுத்ததாக நினைக்காதே.

உன் பயிரின் நுனி கருகியிருந்ததை அவரும் பார்த்தார். "இன்னிக்கி யாரு முறை?" என்று கேட்டார். வெள்ளிக்கிழமை என் முறை என்பது அவருக்குத் தெரியாது. "தம்பி முறைதான்" என்று சொல்லி மோட்டாரைப் போட்டுவிட்டேன்.

தண்ணீர் உன் வயலில் பாய்கிறது. உன் வரப்பில் நான் கால் வைக்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறாய். மடையை அடைக்க நீதான் வர வேண்டும்.

உன் அக்கா