மணிச்சத்தம் கேட்டாலே போதும்

அன்புள்ள அம்மாவுக்கு, மூட்டுவலி தேவலையா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

நம்ம வீட்டு போன் செத்து நாலு மாசம்னு உன் கடிதத்தைப் பார்த்துத்தான் தெரிஞ்சுது. கிராமத்து லைன் வேலை செஞ்சாத்தான் கம்பெனிக்கு அரசாங்க மானியம். அதைச் சோதிக்கிறதுதான் என் வேலை. இங்கிருந்து நம்பரைப் போட்டு, என் காதுல மணிச்சத்தம் கேட்டாலே 'இயங்குகிறது'ன்னு குறிக்கலாம்; யாரும் எடுக்கணும்னு விதி இல்லை. அந்தப் பக்கம் போன் செத்திருந்தாலும் இங்க மணிச்சத்தம் கேட்கும். நம்ம நம்பரையும் மாசாமாசம் சோதிச்சேன். நீ எடுக்கலை. நான் ஊருக்கு வரலைன்னு கோபமாக்கும்னு நினைச்சு, 'இயங்குகிறது'ன்னு நானே குறிச்சேன்.

மேலாளர்கிட்ட சொன்னா, "அம்மாவைப் போன் பண்ணிப் புகார் கொடுக்கச் சொல்லுப்பா"ன்னு சிரிக்கிறார்.

இடைவேளை முடியுது. என் பழைய போர்வையை அனுப்பு. தொலைபேசி ஆணையத்துக்கும் ஒரு புகார் எழுது. பொய்யா குறிச்சது என் மகன்தான்னு மறக்காம எழுது. வேலை போனா போகட்டும், உன் குரலையாவது நேர்ல வந்து கேட்கறேன்.

உன் மகன்