நாலாவது தட்டு

என்னங்க,

நீங்க, பாப்பா, அத்தை மூணு பேரும் சௌக்கியமா? அத்தைக்கு முட்டிவலி தேவலையா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஓட்டல்ல என்னைப் பாத்திரம் கழுவுற மிஷின்கிட்ட நிறுத்தியிருக்காங்க. வீட்டு அண்டாவுல அடுக்குற மாதிரி தட்டு மேல தட்டாத் திணிச்சேன். கதவைத் திறந்தா ஆவி பறக்குது, தட்டு நடுவுல குழம்பு அப்படியே ஒட்டியிருக்கு! பெரிய சமையல்காரர், "இவளுக்கு இது சரிப்படாது"ன்னுட்டார். எனக்கு வந்துச்சே கோபம்! பாத்திரம் கழுவத் தெரியாதவள்னு பேர் வாங்கவா கடல் தாண்டி வந்தேன்?

மறுநாள் ஒவ்வொரு தட்டையும் இடைவெளி விட்டு, தண்ணி பீச்சுற பக்கம் பார்த்து நிறுத்தினேன். கிண்ணங்களைக் கவிழ்த்தேன். தண்ணி பீச்சிக்கிட்டே சுத்துற குழாயை ஒரு கரண்டிக் காம்பு தடுத்துச்சு, அதையும் நகர்த்தினேன். எல்லாம் பளிச்! அவர் ஒரு தட்டை வெளிச்சத்துல தூக்கிப் பார்த்துட்டு, அதுலயே சாப்பாடு எடுத்து வெச்சார். இனி ஒரு தட்டுகூட அழுக்குன்னு எங்கிட்ட திரும்பி வராது, பாருங்க.

பாப்பாவுக்கு நுனியிலேர்ந்து சிக்கெடுங்க, அழமாட்டா. இங்கே தட்டு குவியுது, ஓடுறேன்.

உங்க வீட்டுக்காரி

சொல்ல மறந்துட்டேன். என் தட்டைத் தூக்கிப் பரண்ல போட்டுடாதீங்க. மூணு பேர் சாப்பிட்டு எழுந்தாலும், நாலு தட்டாக் கழுவி வையுங்க.