தொழுமரம் செய்ய ஆளில்லை

அன்பு மகன் ஹாமோவுக்கு, ஆல்ட்பியிலிருந்து உன் அம்மா சபீனா சொல்லச் சொல்ல நம் ஊர்ப் புதுப் பாதிரியார் எழுதுவது. முழங்கால் வலியைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை, கடல் தாண்டி ப்ரூஜ் நகரத்தில் நீயும் உன் பெண்டாட்டியும் ஈரக்காற்றுக்குத் தப்பித் திடமாக இருக்க வேண்டும்.

உன் கடிதத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்டேன், பாதியிலேயே போதும் என்றுவிட்டேன். ஆட்டு ரோமம் கத்தரிக்க வந்தவர்களில் சட்டத்தை மீறிக் கூலி வாங்கியவர்கள் யார் யார் என்று பிரபுவின் காரியஸ்தர் கேட்டால் சொல்லித் தொலையேன் அம்மா, நமக்கு வியாபாரம்தானே முக்கியம் என்கிறாய். எந்த வியாபாரமடா? அவர்கள் கத்தரியைக் கீழே வைத்தால் கம்பளி ஆட்டின் முதுகிலேயே கிடக்கும், நீ அங்கே வெறும் மூட்டையையா விற்பாய்? கொள்ளைநோய் வந்து பெருஞ்சாவு விழுந்த வருஷம் உன் அப்பாவையும் தங்கையையும் போர்வையில் சுற்றித் தூக்கிப் போனவர்கள் இவர்கள்தான். பிரபு அப்போது கோட்டைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார். இப்போது ஊரில் பாதிப் பேர் இல்லை, இருப்பவர்களுக்குச் செத்தவர்கள் வாங்கிய கூலியே போதுமாம், ராஜா சட்டம் போட்டிருக்கிறாராம். அதிகம் வாங்கினால் காலைத் தொழுமரத்துத் துளையில் மாட்டிப் பூட்டுவார்கள், கொடுத்தவருக்கும் தண்டனை.

அந்தத் தொழுமரக் கதையைக் கேள். ஊருக்கு ஒன்று வேண்டும் என்று காரியஸ்தர் கருவாலி மரம் கொண்டுவந்து கோயில் வாசலில் போட்டுத் தச்சன் தர்ஸ்டனைக் கூப்பிட்டார். அவனும் "தாராளமா செஞ்சு தரேன் ஐயா, இன்னைக்கு நடக்கிற கூலியைக் கொடுங்க" என்றான். இவர் பழைய கூலிதான் என்று குதிக்க, "அந்தக் கூலிக்குச் செய்யறவன் எல்லாம் கோயிலுக்குப் பின்னாடி ஒரே குழியில படுத்திருக்கான், எழுப்பிக் கூட்டிட்டு வாங்க" என்றானே பார்க்கலாம்! சரி, கேட்டதைத் தருகிறேன் என்று மனுஷர் இறங்கி வந்தார். அதற்கு இவன், "ஐயோ, கொடுத்தா உங்க காலைத்தானே ஐயா முதல்ல மாட்டணும்?" என்கிறான். மாதாகோயில் மணியே அதிர்ந்ததுபோல் ஊர் சிரித்தது. அந்த மரத்தின்மேல் இப்போது கோழிகள் உட்காருகின்றன. இதையெல்லாமா எழுதணும் என்கிறார் பாதிரியார். எழுதுங்க சாமி, நீங்க மட்டும் பழைய சம்பளத்துக்கா பூசை வைக்கிறீங்க என்றேன், சிரித்துக்கொண்டே எழுதுகிறார்.

அன்றைக்குப் பட்ட அவமானத்தைத்தான் காரியஸ்தர் என்மேல் தீர்க்கப் பார்க்கிறார். வேதப் புத்தகத்தில் கை வைத்துப் பெயர்களைச் சொல், இல்லாவிட்டால் திங்கட்கிழமை லிங்கன் நகரத்தில் நீதிபதிகள் முன்னால் வந்து நில், சிறைதான் என்றார். நிற்கிறேன் என்றேன். கூடுதல் கூலி கொடுத்தேன், அடுத்த வருஷமும் கொடுப்பேன், வாங்கினவர் பெயர் என் வாயிலிருந்து வராது, அங்கேயும் இதைத்தான் சொல்லப் போகிறேன். இது தெரிந்ததும் தர்ஸ்டனும் கத்தரிக்க வந்த அத்தனை பேரும் உன்னோடு நாங்களும் நடந்து வருகிறோம் என்று கிளம்பிவிட்டார்கள். பிரபுவின் புல்வெளியில் புல் முற்றி நிற்கிறது, நாங்கள் எல்லாரும் போனால் அறுக்க ஒரு கை இல்லை. நேற்று காரியஸ்தர் என் வாசலில் வந்து, தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, "சபீனாம்மா, வழக்கை இலையுதிர் காலத்துக்குத் தள்ளி வெச்சுக்கலாமே, மழை வேற வர மாதிரி இருக்கு" என்றார். அம்மா என்று அவர் என்னைக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. கூப்பிட்டது நீங்கதானேய்யா, வராம இருந்தா மரியாதையா என்று சொல்லிவிட்டேன்.

நீ பதறி ஓடி வராதே. என்னை உள்ளே போட்டாலும் கம்பளியை விலை குறைத்து விற்காதே, அம்மா சிறையில் என்று எவனாவது இரக்கம் காட்டிப் பேரம் பேசினால் விலையை ஏற்று. ஆண்டவர் உனக்கும் உன் பெண்டாட்டிக்கும் நீண்ட ஆயுளும் நிமிர்ந்த முதுகும் கொடுக்கட்டும். வெளியே தர்ஸ்டன் கூப்பிடுகிறான், நடக்க வேண்டும், மழை தூற ஆரம்பித்துவிட்டது, ஒருவரும் திரும்பிப் போகவில்லை.

உன் அம்மா,
ஆல்ட்பி கம்பளி வியாபாரி சபீனா